பௌதிக நிபுணர்களின் சரித்திரத்தை எப்படிப் படிப்பது?



உலகத்தில் பேர்பெற்ற பௌதிக சாஸ்திர நிபுணர்களுடைய வாழ்க்கையையும், அவர்கள் செய்த வேலையையும் பற்றிய புத்தகங்களைப் படிப்பது என்னும் விஷயமாக இன்று நாம் பேச வேண்டுமென்று இவ்வாசகசாலையார் கேட்டுக் கொண்டிருக்கின்றார்கள். இதைப் பற்றிப் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்பார்களானால், பரீட்சை கொடுத்துப் பட்டம் வாங்கிய யோக்கியதை ஒன்றும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். பள்ளிக்கூடத்துப் படிப்பு நமக்குச் சொற்பமேயாகும். கிடைத்த புத்தகத்தைக் கிடைத்த நேரத்தில் படிப்பதும், புரியாததை இரண்டுதரம் மூன்றுதரம் படிப்பதும், அப்படியும் புரியாததைத் தெரிந்தவர்களைப் பிடித்துக் கேட்பதுமாகத்தான் நாம் எதையும் தெரிந்து கொண்டிருக்கின்றோம். இங்கு வந்திருக்கும் உங்களில் பெரும்பாலோரும் நம்மைப் போன்றவர்களே யாதலால், ஒருவருக்கொருவர் பேசிக் கொள்ளுவதில் தவறொன்றும் இல்லை.

பௌதிகம் என்றாலே, "அதெல்லாம் கணக்குத் தெரிந்தவர்கள் சங்கதி, நமக்கு எதற்கு?" என்று சொல்லுகின்றவர்கள் ஒரு கூட்டத்தார். இவர்களோடு நமக்குச் சண்டையில்லை. படிக்க வேண்டிய வயதில் படிக்க முடியாமல் போனவனுக்கு இந்தப் பயம் இருப்பது இயற்கையே. மற்றொரு கூட்டத்தார் விஞ்ஞானிகளின் சரித்திரத்தைப் படிக்கத்தான் படிக்கின்றார்கள். ஆனால் பெரிய புராணத்தையும் பக்த விஜயத்தையும் படிக்கின்ற மாதிரியாகவே படிக்கின்றார்கள். அவர்களுக்கு நியூட்டன் என்றால் தலையில் ஆப்பிள் விழுந்தது. கலீலியோ என்றால் பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தின்மேல் ஏறி இரண்டு குண்டுகளைப் போட்டார். 1633-ல் ரோமாபுரியில் பாதிரிகள் மன்னிப்புக் கேட்கச் செய்தபோது எழுந்து, "ஆனாலும் பூமி சுற்றத்தான் செய்கிறது" என்று முணுமுணுத்தார். இவ்வளவோடு முடிந்தது. சாமி கதைக்கும் இந்தக் கதைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

தோட்டத்தில் ஆப்பிள் விழுந்ததைப் பார்த்து யோசித்ததாக நியூட்டனே தம் கடைசிக் காலத்தில், 1726-ல், ஒரு சிநேகிதரிடம் சொல்லியிருக்கின்றார். தலையில் விழுந்தது என்பது பின்னால் வந்தவர்கள் சேர்த்துக் கொண்ட சரக்கு. அந்த யோசனைக்கும், 1687-ல் அவருடைய பெரிய நூல் வெளிவந்ததற்கும் நடுவில் சுமார் 20 வருஷம் கழிந்திருக்கின்றது. அந்த 20 வருஷத்துக் கஷ்டமான வேலை கதையில் காணோம். ஆப்பிள் மாத்திரம் நிற்கின்றது! கலீலியோ கோபுரத்தில் ஏறிய கதையை எழுதி வைத்தவர் அவருடைய சீடர். வேறு சாட்சி கிடையாது. விசாரணை மண்டபத்தில் முணுமுணுத்தார் என்பதற்கோ அந்தக் காலத்து ஆதாரம் ஒன்றுமே கிடையாது. பாதிரிகள் செய்தது கொடுமை என்பதை ருஜுப்பிக்க நமக்குக் கட்டுக்கதை வேண்டியதில்லை. அவர் சாகும்வரை, 1642 வரை, வீட்டுக் காவலில் இருந்தார் என்பதே போதும். பிறருடைய புராணத்தில் ஓட்டை பார்க்கின்ற நாம், நமக்குப் பிடித்தமான கதை என்றால் மட்டும் கண்ணை மூடிக் கொள்ளலாமா?

நிற்க. எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு ஒருவருடைய சரித்திரத்தையே எடுத்துக் கொள்ளுவோம். மைக்கேல் பாரடே என்னும் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த மண்டபத்தில் எரிகின்ற விளக்கும், சுற்றுகின்ற விசிறியும், மின்சார மோட்டார் வைத்து ஓட்டுகின்ற மில்களும் அவர் கண்டுபிடித்ததிலிருந்து கிளம்பியவையே. இவர் 1791-ல் லண்டனுக்கு அடுத்த ஓர் இடத்தில் ஒரு கொல்லருக்குப் பிள்ளையாகப் பிறந்தார். தகப்பனாருக்கு உடம்பு சரியில்லாததால் வேலை சரியாக நடவாது. 1801-ல் தானிய விலை ஏறியபோது, ஒரு ரொட்டியைக் கொடுத்து ஒரு வாரம் முழுவதும் வைத்துச் சாப்பிடு என்று சொன்ன வீடு அது. எழுத்தும் வாசிப்பும் கொஞ்சம் கணக்கும் தவிர வேறு படிப்பில்லை. 13-வது வயதில் ரிபோ என்பவருடைய புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குப் போய், அடுத்த வருஷம் அங்கேயே பைண்டிங் தொழில் கற்றுக் கொள்ள 7 வருஷத்துக்கு ஒப்பந்தமாக அமர்ந்தார்.

இங்கேதான், தோழர்களே, நாம் கவனிக்க வேண்டியது. பைண்டு செய்ய வந்த புத்தகங்களைத் தைத்துக் கொடுப்பதோடு நில்லாமல் அவற்றைப் படிக்கவும் தொடங்கினார். கலைக்களஞ்சியம் ஒன்று தைக்க வந்தது. அதில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். ஜேன் மார்செட் என்னும் அம்மையார் ரசாயனத்தைச் சம்பாஷணை ரூபமாக எழுதிய ஒரு புத்தகம் வந்தது, அதையும் படித்தார். அந்த அம்மையார் புத்தகத்தில் தம் பெயரைக்கூடப் போட்டுக் கொள்ளவில்லை. பெண்பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்று எழுதினாராம்! பாரடே அதில் எழுதியிருந்ததை அப்படியே நம்பிவிடவில்லை. தன் சம்பளத்துக்குள் வாங்கக்கூடிய சாமான்களை வாங்கிப் புத்தகத்தில் சொன்ன சோதனைகளைச் செய்து பார்த்து, சொன்னபடி நடக்கின்றது என்று கண்ட பிறகே அந்தப் புத்தகத்தின்மேல் மதிப்பு வைத்தார். பிற்காலத்தில் ஐரோப்பா முழுவதும் தம் பெயர் தெரிந்தபோதும், அந்த அம்மையாரைத் தம் முதல் ஆசிரியை என்று நினைத்து, தாம் எழுதிய கட்டுரைகளை அவருக்கு அனுப்பி வந்தார்.

டாட்டம் என்பவர் இரவில் நடத்திய விஞ்ஞானப் பிரசங்கங்களுக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதைக் கொடுத்தது யார் தெரியுமா? இரும்படிக்கின்ற அண்ணன். 1812-ல், கடைக்கு வந்து போகிற ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவி செய்யும் பிரசங்கங்களுக்கு டிக்கெட்டு கொடுத்தார். பாரடே நான்கு பிரசங்கங்களையும் கேட்டு, குறிப்பெடுத்து, படம் வரைந்து, தன் கையாலேயே தைத்து டேவிக்கு அனுப்பி வேலை கேட்டார். அதற்கு முன்பே ராயல் சொசைட்டியின் தலைவர் பாங்க்ஸ் பிரபுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தார். பதில் எழுதத் தேவையில்லை என்பதே அங்கிருந்து கிடைத்த பதில். டேவியிடத்தில் இருந்த உதவியாள் அடிதடி செய்து வேலை போனதால், 1813 மார்ச்சில் அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. ஒரு வாரக்கூலியும் மாடியில் இரண்டு அறையும் கொடுத்தார்கள்.

"பார்த்தீர்களா, உழைத்தால் யாரும் முன்னுக்கு வரலாம்" என்று இதைச் சொல்லிப் பிரசங்கத்தை முடித்துவிடுகின்றவர்கள் உண்டு. அது பாதி உண்மைகூட ஆகாது. அந்தக் காலத்து லண்டனில் இதே புத்தியோடு பிறந்து, டிக்கெட்டு கொடுக்க ஆளில்லாமல், ஷில்லிங் கொடுக்க அண்ணனில்லாமல் இரும்படித்தும் மூட்டை தூக்கியும் செத்தவர்கள் எத்தனை பேரோ! வேலை கிடைத்த பிறகுதான் என்ன மரியாதை நடந்தது? டேவி ஐரோப்பாவுக்கு யாத்திரை போனபோது, கூடவந்த பாரடேயைச் சட்டை எடுத்து வைக்கின்ற வேலைக்காரன் வேலையும் பார்க்கச் செய்தார்கள். டேவியின் மனைவி அவரை வேலைக்காரரில் ஒருவராகவே நடத்தினாள். 1823-ல் ராயல் சொசைட்டிக்கு அங்கத்தினராக்க வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னபோது, எதிர்த்து நின்றவர் அவரைக் கைதூக்கிவிட்ட அதே டேவி! தன்னிடம் கைகட்டி நின்றவன் தனக்குச் சமமாக உட்காருவதைப் பொறுப்பது, படித்தவனுக்கும் சுலபமான காரியமாக இருக்கவில்லை.

இனி அவருடைய வேலையைப் பார்ப்போம். மின்சாரம் ஓடுகின்ற கம்பியின் பக்கத்தில் காந்த ஊசி திரும்புகின்றது என்பது 1820-லேயே தெரிந்துவிட்டது. அப்படியானால் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்க முடியாதா என்பது கேள்வி. பலபேர் முயன்றார்கள். ஜெனீவாவில் கொலடோன் என்பவர், காந்தத்தின் அசைவு அளவு கருவியைக் கெடுத்துவிடக் கூடாதென்று கருவியைப் பக்கத்து அறையில் வைத்துக் கொண்டார். காந்தத்தைக் கம்பிச் சுருளுக்குள் நுழைத்துவிட்டு அடுத்த அறைக்கு நடந்துபோய்ப் பார்ப்பார். ஊசி பேசாமல் நிற்கும். அவர் போய்ச் சேருவதற்குள் ஊசி அசைந்து, பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது! பாரடேயும் அதற்குமுன் பலதரம் முயன்று தோற்றவரே. 1831 ஆகஸ்டு 29-ந் தேதி, 6 அங்குல அகலமுள்ள ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கம்பி சுற்றி, ஒரு பக்கத்தைப் பாட்டரியோடு இணைத்தார். மற்றப் பக்கத்து ஊசி ஒரு கணம் ஆடி நின்றுவிட்டது. பாட்டரியை எடுத்தார், மறுபடியும் ஒரு கணம் ஆடிற்று. எல்லோரும் நிலையான ஓட்டத்தைத் தேடினார்கள். மாறுகின்ற சமயத்தில் மாத்திரந்தான் மின்சாரம் பிறக்கின்றது என்பது அந்த ஆட்டத்தில் இருந்தது. அக்டோபரில் இரும்பு வளையமே இல்லாமல், ஒரு காந்தக் கட்டையைச் சுருளுக்குள் நுழைத்தும் எடுத்தும் மின்சாரம் உண்டாக்கிக் காட்டினார்.

இவருடைய ஆராய்ச்சிக் குறிப்புப் புத்தகங்களில் பாராக்களுக்கு வரிசையாக நம்பர் போட்டிருக்கின்றார். கடைசி நம்பர் 16041. அவற்றில் பலிக்காத சோதனைகளும் உண்டு. பூமி இழுக்கின்ற சக்திக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று நம்பிச் சோதித்து, ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை 1851-ல் தாமே அச்சிட்டு வெளியிட்டார். பலித்த ஜாதகத்தை ஊரெல்லாம் சொல்லிப் பலிக்காததை மறைக்கின்ற ஜோசியர்களை நாம் தினமும் பார்க்கின்றோம். தம் கணக்குப் பலிக்கவில்லை என்று அச்சுப்போட்டுக் கொடுத்த ஜோசியர் யாரையாவது நீங்கள் பார்த்ததுண்டா?

அவருக்குக் கணிதம் தெரியாது. காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் நிற்கின்ற கோடுகளை மனதில் வைத்துக் கொண்டே எல்லாவற்றையும் யோசித்தார். கணித நிபுணர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. பின்னால் மாக்ஸ்வெல் என்பவர் அக்கோடுகளையே கணிதமாக்கினார். அவருக்கு 1857-ல் பாரடே எழுதிய கடிதத்தில், நீங்கள் கணிதத்தில் கண்ட முடிவை எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும்படி சாதாரண பாஷையிலும் சொல்லக்கூடாதா என்று கேட்டிருக்கின்றார். பிறருக்குப் புரிந்துவிட்டால் தன் மதிப்பு போய்விடும் என்று நினைக்கின்ற பண்டிதர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கின்றார்கள். இவர் அந்த ஜாதியல்ல.

1853-ல் இங்கிலாந்தில் மேஜை சுற்றுகின்ற பைத்தியம் கிளம்பிற்று. நாலுபேர் மேஜைமேல் கைவைத்து உட்கார்ந்தால், செத்தவர்களுடைய ஆவி வந்து அதை நகர்த்துகின்றதாம். பெரிய மனிதர்கள் எல்லாம் நம்பினார்கள். சிலர் மின்சாரம், காந்தம் என்று பாரடேயின் சரக்கையே அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். அவர் என்ன செய்தார்? திட்டவில்லை. வழுக்கக்கூடிய மெழுகுப் பசை வைத்து அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி மேஜைமேல் போட்டு, அதன்மேல் கைவைக்கச் சொன்னார். மேஜை நகர்ந்தபின் பார்த்தால், மேலட்டை முதலிலும் மேஜை பின்னாலும் நகர்ந்திருந்தது. அதாவது கைதான் மேஜையைத் தள்ளியிருக்கின்றது. பிறகு, கை தள்ளினால் சாய்ந்து காட்டுகின்ற ஒரு துரும்பை முள்ளாக வைத்து, உட்கார்ந்தவர்களே அதைப் பார்க்கும்படி செய்தார். உடனே ஆவி வேலையை நிறுத்திக் கொண்டது! உட்கார்ந்தவர்கள் மோசக்காரர்கள் அல்ல, தங்களை அறியாமலே தள்ளுகின்றார்கள் என்றும் எழுதினார். அருள் வந்து ஆடுகின்றவர்களை எல்லாம் அயோக்கியர்கள் என்று மேடையில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகின்ற நம் தோழர்களில் சிலர் இந்த இடத்தை இரண்டுதரம் படிக்க வேண்டும்.

இப்பொழுது நம்மிடம் ஒரு கேள்வி வரும். "உங்கள் பாரடே மகா பக்திமான் ஆயிற்றே, சாண்டிமேனியர் என்னும் சிறு கிறிஸ்தவக் கூட்டத்தில் மூப்பராயிருந்து பிரசங்கம் செய்தவராயிற்றே, நியூட்டன் பைபிளுக்கும் ரசவாதத்துக்கும் கட்டுக்கட்டாக எழுதி வைத்தவராயிற்றே" என்பார்கள். உண்மைதான். இதை மறைத்துச் சரித்திரம் எழுதுகின்றவன் யோக்கியன் அல்ல. ஆனால் பாரடே சொன்னார் என்பதற்காக யார் மின்சாரத்தை நம்புகின்றார்கள்? வளையத்தையும் கம்பியையும் கொண்டு நாஸ்திகன் செய்தாலும், முஸ்லீம் செய்தாலும், அவரைப் பிடிக்காதவன் செய்தாலும் ஊசி ஆடத்தான் ஆடும். அவருடைய பக்திக்கு அப்படி ஒரு வளையமும் ஊசியும் அவரிடத்தில் இருக்கவில்லை. இருப்பதாக அவரும் சொல்லவில்லை. பெரிய மனிதர் என்பதற்காக அவருடைய மதத்தை ஒப்புக் கொள்ளுகின்றவனும், மதம் பிடிக்கவில்லை என்பதற்காக அவர் கண்டுபிடித்ததைக் குறைத்துச் சொல்லுகின்றவனும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றார்கள்.

பெரிய பரிசு வாங்கிவிட்டால் புத்தியெல்லாம் நேராக இருக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஜெர்மனியில் லெனார்டு என்பவர் 1905-லும், ஸ்டார்க் என்பவர் 1919-லும் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றவர்கள். இவ்விருவரும் ஹிட்லரோடு சேர்ந்து கொண்டு, ஐன்ஸ்டீனுடைய தத்துவம் யூத பௌதிகம், நமக்கு ஆரிய பௌதிகம் வேண்டும் என்று கூச்சலிட்டார்கள். பௌதிகத்தில்கூட உயர்ந்த பிறப்பு, தாழ்ந்த பிறப்பு பார்க்க இரண்டு நோபல் பரிசுக்காரர்கள் கிடைத்தார்கள் என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்லுவானேன்?

பிறப்பைப் பற்றிய பேச்சு வந்ததால் வங்காளத்து மேக்நாத் சாகாவைச் சொல்லாமல் விட முடியாது. இவர் 1893-ல் டாக்கா ஜில்லாவில் ஒரு கிராமத்துச் சிறு கடைக்காரருக்குப் பிறந்தவர். தாழ்ந்ததென்று சொல்லப்பட்ட ஜாதி. 7 மைல் தூரத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்க, அவ்வூர் வைத்தியர் ஒருவர் தம் வீட்டில் இடங்கொடுத்தார். மாட்டைக் கவனித்து, தன் எச்சில் பாத்திரத்தைத் தானே கழுவிக் கொள்ள வேண்டும். 1905-ல் வங்காளப் பிரிவினைக் கிளர்ச்சியில், கவர்னர் வருகையைப் பகிஷ்கரித்தார் என்று டாக்காப் பள்ளிக்கூடத்தை விட்டுத் தள்ளி, உபகாரச் சம்பளத்தையும் பறித்தார்கள். 1911-ல் கல்கத்தா பிரசிடென்சி காலேஜில் சேர்ந்து ஹிந்து ஹாஸ்டலில் தங்கினால், கூடவிருந்த உயர்ஜாதிப் பிள்ளைகள் இவரோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டோம் என்றார்கள். சரஸ்வதி பூஜையில் பக்கத்தில் வரக்கூடாது என்றார்கள். கல்விக்குத் தெய்வமாம் சரஸ்வதி!

இந்த மனிதர் 1920-ல் கண்டுபிடித்தது என்ன? சூரியன், நட்சத்திரங்கள் இவற்றின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் நடுநடுவே கோடுகள் தெரியும். ஒரு நட்சத்திரத்தில் ஒரு மாதிரிக் கோடுகள், மற்றொன்றில் வேறு மாதிரி. ஹார்வர்டில் பெண்கள் பலர் உட்கார்ந்து லட்சக்கணக்கான நட்சத்திரங்களை இப்படி வகைப்படுத்தி வைத்திருந்தார்கள்; ஏன் அப்படி என்பதுதான் தெரியாமலிருந்தது. உஷ்ணம் ஏறஏற, அழுத்தம் குறையக் குறைய, அணுவிலிருந்து எலக்ட்ரான் கழன்று போகின்றது, அதனால் கோடு மாறுகின்றது என்று சாகா ஒரு சமன்பாட்டால் கணக்கிட்டுக் காட்டினார். அதற்குப் பின் கோட்டைப் பார்த்து நட்சத்திரத்தின் சூட்டைச் சொல்ல முடிந்தது.

அந்தச் சமன்பாட்டை எடுத்துக் கொண்டு 1925-ல் சிசிலியா பெய்ன் என்னும் இளம்பெண், நட்சத்திரங்களில் மிகப் பெரும்பகுதி ஹைட்ரஜனே என்று கணக்கிட்டாள். அவள் படித்த கேம்பிரிட்ஜில் 1948 வரை பெண்களுக்குப் பட்டமே கிடையாது. அதனால் அமெரிக்காவுக்குப் போனவள். ரஸ்ஸல் என்னும் பெரிய நிபுணர் இது அசாத்தியம் என்றதால், தன் முடிவு உண்மையாக இருக்காது என்று தன் புத்தகத்தில் தானே எழுத வேண்டியதாயிற்று. 4 வருஷம் கழித்து, 1929-ல், அதே ரஸ்ஸல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். கல்கத்தா ஹாஸ்டலில் தனியே உட்கார்ந்து சாப்பிட்டவர் போட்ட கணக்கும், கேம்பிரிட்ஜ் பட்டங்கொடுக்க மறுத்தவள் போட்ட கணக்கும் சேர்ந்துதான் நட்சத்திரம் எதனால் ஆனது என்று உலகத்துக்குச் சொல்லிற்று.

சாகா 1939-ல் ஒரு வங்காளிப் பத்திரிகையில் எழுதிய சங்கதி ஒன்று உண்டு. டாக்காவில் ஒரு வக்கீல், நீ என்னப்பா கண்டுபிடித்தாய் என்று கேட்டார். இவரும் உற்சாகமாக விளக்கினார். வக்கீல் நடுநடுவே, இதில் புதிதென்ன, எல்லாம் வேதத்தில் இருக்கின்றது என்று சொல்லிக் கொண்டே வந்தார். வேதத்தில் எந்தப் பாகத்தில் என்று கேட்டபோது, நான் படித்ததில்லை, ஆனால் இருக்கின்றது என்றாராம்! சாகா அதோடு விடாமல் வேதம், புராணம், பழைய ஜோதிஷ நூல் எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் தாமே படித்துப் பார்த்து, அங்கே இல்லை என்று எழுதினார். படிக்காமல் இருக்கிறது என்கின்றவரைப் படித்துப் பார்த்து இல்லை என்று சொல்லுவதே மரியாதையான பதில். படிக்காமலே இல்லை என்று சொல்லியிருந்தால் அவரும் ஒரு வக்கீல்தான்.

அந்தப் படிப்பு வீண்போகவில்லை. தேசத்தில் சுமார் 30 விதப் பஞ்சாங்கங்கள் வழங்குவதைச் சீர்ப்படுத்த, 1952-ல் சர்க்கார் ஆராய்ச்சி சபையார் அவர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். 1955-ல் வந்த அறிக்கை என்ன சொல்லிற்று? பழைய சித்தாந்தக்காரர்கள் கொண்ட வருஷ அளவு, பருவங்களுக்கு உரிய உண்மையான வருஷத்தைவிடச் சுமார் 24 நிமிஷம் அதிகம். சுமார் 1400 வருஷத்தில் அது 23 நாளாகச் சேர்ந்துவிட்டது என்பதே. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. நம் வீடுகளில் ஜனவரி 14-ந் தேதி வாக்கில் தை பிறந்த பிறகே உத்தராயண புண்ணியகாலம் என்று முழுகுகின்றார்கள். சூரியன் திரும்பி மூன்று வாரமாயிற்று! தை முதல் நாள் பொங்கல் வைப்பது அறுவடைக்கு, அதற்கு ஆட்சேபணையில்லை. உத்தராயணம் என்று பேர் சொல்லித் தட்சிணை வாங்குவதுதான் எந்தக் கணக்கில் சேரும்? ஜோசியர்கள் தாங்கள் நட்சத்திரத்தை வைத்துக் கணக்கிடுவதாகச் சமாதானம் சொல்லுகின்றார்கள். நல்லது, அப்படியானால் அதற்கு வேறு பெயர் வைக்கட்டும். சாகா 1956 பிப்ரவரியில் காலமானார். சீர்திருத்திய சக வருஷக் காலண்டர் 1957 மார்ச்சு 22 முதல் அமுலுக்கு வந்தது. சர்க்கார் காகிதங்களில் அந்தத் தேதி இருக்கின்றது. பூஜையறையில் பழையதே இருக்கின்றது.

கடைசியாக இவ்வாசகசாலையாருக்கு ஒரு யோசனை. பாரடே 1860-ல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் குழந்தைகளுக்காக ஆரம்பித்துச் செய்த ஆறு பிரசங்கங்கள், ஒரு மெழுகுவர்த்தி எப்படி எரிகின்றது என்பதைப் பற்றி மட்டுமே. அது புத்தகமாக இருக்கின்றது. இங்கிலீஷ் தெரிந்த தோழர் ஒருவர் வாரம் ஒரு பிரசங்கமாகப் படித்துத் தமிழில் சொல்லட்டும். மேஜைமேல் மெழுகுவர்த்தியும் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றும் இருக்க வேண்டும். குழாயின் ஒரு முனையைச் சுடரின் நடுவிலுள்ள கறுப்பான இடத்தில் பிடித்தால், மெழுகின் ஆவி அதன் வழியாக வந்து மறுமுனையில் தனியாக எரியும் என்று முதல் வாரங்களிலேயே வருகின்றது. பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். குழாயை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.